வேப்பமரத்து வீடும் காருக்கடி வீடும்

சித்திரை, வைகாசி மாதங்களில் சென்னைத் தெருக்களில் அடிக்கடி நடப்பதுதான். பால் பாக்கெட் வாங்கப் போன ஒருவர் வேப்பமரம் ஒன்றைக் கடக்கிறார். பின்னாலிருந்து ஒரு காகம் சர்ரென்று இறங்கி, உச்சந்தலையில் தட்டிவிட்டுப் போகிறது. பெரிய காயம் எதுவும் இல்லை. ஆனாலும் மனசு கலங்கிவிடுகிறது. வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளிக்கிறார். சனிக்கிழமை கோயிலுக்குப் போய் எள் தீபம் ஏற்றுகிறார். காகம் தலையில் தட்டினால் கெட்ட சேதி வரும் என்று பாட்டி காலத்திலிருந்தே சொல்லிவைத்திருக்கிறார்கள் அல்லவா?

அவர் அந்த மரத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்திருந்தால் விஷயம் விளங்கியிருக்கும். கிளைக் கவட்டில் சுள்ளியும் கம்பித் துண்டுமாகப் பின்னிய ஒரு கூடு. உள்ளே வாயைப் பிளந்துகொண்டு இரண்டு மூன்று குஞ்சுகள். தாய்க் காகத்துக்கும் தந்தைக் காகத்துக்கும் அந்த மனிதர் மேல் தனிப்பட்ட பகை எதுவும் கிடையாது. மரத்தடியில் நெருங்கி வரும் எந்தத் தலையும் அந்த நாட்களில் அவற்றுக்கு ஆபத்துதான். குஞ்சுகள் பறந்துபோன பிறகு அதே மனிதர் அதே நிழலில் மணிக்கணக்காக நின்றாலும் காகங்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அந்த மூன்று நான்கு வாரம் தெருவின் எதிர்ப்பக்கமாக நடந்தாலோ ஒரு குடையை விரித்துக்கொண்டாலோ போதும்.

பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள், எத்தனை பிள்ளைகள், எப்போது வேலைக்குப் போகிறார்கள் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அதே தெருவில், சில சமயம் நமக்கு முன்பிருந்தே, குடும்பம் நடத்தும் பறவைகளையும் நாய்களையும் பற்றி அந்த அளவுக்குத் தெரியாது. அவற்றின் வீடு எங்கே, குட்டி குஞ்சு எப்போது என்று தெரிந்துகொண்டாலே அவற்றைப் பற்றிய பயத்தில் பாதி விலகிவிடும். மீதிப் பாதி நியாயமான பயம். அதைப் பற்றிப் பின்னால் பேசுவோம்.

காகத்திலேயே தொடங்கலாம். நம் தெருக்களில் இரண்டு வகைக் காகங்கள் உண்டு. கழுத்து சாம்பல் நிறமாக, உடல் கொஞ்சம் மெலிவாக இருப்பது வீட்டுக் காகம். அலகு முதல் வால் வரை கன்னங்கரேல் என்று, தடித்த அலகோடு, குரலும் கட்டையாக இருப்பது அண்டங்காக்கை. அமாவாசைச் சோற்றுக்கு முதலில் வந்து இறங்குவது பெரும்பாலும் வீட்டுக் காகம்தான். எந்த வீட்டு மாடியில் எந்த நேரத்தில் சோறு வைப்பார்கள் என்பது அதற்கு அத்துப்படி. ஐந்து நிமிடம் தாமதமானால் ஜன்னல் கம்பியில் உட்கார்ந்து கூப்பிடும் காகத்தைப் பார்க்காத வீடு தமிழ்நாட்டில் குறைவு.

காகம் ஆள் முகத்தை நினைவில் வைத்திருக்குமா என்பதை அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்ற ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். 2006ல் அவரும் குழுவினரும் குகைமனிதன் முகமூடி ஒன்றை மாட்டிக்கொண்டு 7 காகங்களைப் பிடித்து, காலில் வளையமிட்டு விட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு அந்த முகமூடியை யார் மாட்டிக்கொண்டு வளாகத்தில் நடந்தாலும் காகங்கள் கூடிக் கரைந்து திட்டின. வேறு முகமூடி போட்டால் கண்டுகொள்ளவில்லை. வருடம் போகப் போக, திட்டும் காகங்களின் எண்ணிக்கை குறையவில்லை, கூடியது. பிடிபடாத காகங்களும், பிற்பாடு பிறந்த காகங்களும் அந்த முகம் பொல்லாதது என்று மற்றவற்றிடமிருந்து கற்றுக்கொண்டிருந்தன. அது அமெரிக்க இனம், நம்மூர்க் காகத்துக்குப் பங்காளி முறை. கூட்டைக் குச்சியால் கலைத்த ஆளை மட்டும் தேடி வந்து தட்டும் காகங்களைப் பற்றி நம் கிராமங்களில் சொல்லும் கதைகளைப் புறந்தள்ள வேண்டாம் என்று இதைப் படிக்கும்போது தோன்றுகிறது.

இத்தனை புத்திசாலியான காகத்தையே ஏமாற்றும் ஒரு பறவை அதே மரத்தில் இருக்கிறது. கோடையில் விடியும் முன்பே கூவத் தொடங்கும் குயில். கூவுவது பெண் குயில் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் கருப்பு உடலும் சிவப்புக் கண்ணுமாக இலைக்குள் மறைந்திருந்து கூவுவது ஆண். பெண் குயில் பழுப்பு நிறம், உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளிகள். அதன் குரல் ‘கிக் கிக் கிக்’ என்று விட்டுவிட்டு வரும். குயில் கூடு கட்டுவதில்லை. ஆண் குயில் எதிரே வந்து போக்குக் காட்ட, காகங்கள் அதைத் துரத்திக்கொண்டு ஓட, அந்த இடைவெளியில் பெண் குயில் காகத்தின் கூட்டில் முட்டையிட்டுவிடும். குயில் குஞ்சு காகக் குஞ்சைவிடச் சில நாள் முன்பே பொரிந்துவிடும். ஆனாலும் ஐரோப்பாவின் குயில்குஞ்சைப் போல மற்ற முட்டைகளை முதுகால் உருட்டி வெளியே தள்ளுவது நம்மூர்க் குயில்குஞ்சின் வழக்கம் இல்லை. பெரும்பாலும் காகக் குஞ்சுகளோடு சேர்ந்தே வளரும். ஆனி, ஆடி வாக்கில் ஒரு காகம் தன்னைப் போல் இல்லாத ஒரு குஞ்சுக்கு மதில் மேல் உட்கார்ந்து ஊட்டிக்கொண்டிருப்பதைக் கூர்ந்து பார்ப்பவர்கள் கண்டிருப்பார்கள்.

இப்போது அதே தெருவின் இரவு. மார்கழி மாதம், மணி பதினொன்று. வேலை முடிந்து பைக்கில் வருபவரை, நேற்றுவரை சாதுவாகப் படுத்திருந்த ஒரு நாய் திடீரென்று குரைத்துக்கொண்டு துரத்துகிறது. அவர் பயந்துபோய் வேகம் கூட்டுகிறார். நாயும் வேகம் கூட்டுகிறது. ‘இந்த நாய்க்கு வெறி பிடித்துவிட்டது’ என்று மறுநாள் தெருவில் பேச்சு. துரத்தல் தொடங்கும் இடத்தைப் பகலில் போய்ப் பார்த்தால் பல நேரம் ஒரு காரணம் கிடைக்கும். நீண்ட நாளாக எடுக்காமல் நிற்கும் ஒரு காருக்கடியில், அல்லது கட்டி முடிக்காத வீட்டு மணல் குவியலுக்குப் பின்னால், கண் திறந்தும் திறக்காததுமாக நாலைந்து குட்டிகள். காகத்துக்குக் கோடை என்றால் தெருநாய்க்குக் குளிர்காலம். குட்டிகளில் பெரும்பாலானவை மழைக்காலக் கடைசியிலும் பனிக்காலத்திலும்தான் பிறக்கின்றன. கருவில் இரண்டு மாதம். பிறகு ஈன்ற இடத்தைச் சுற்றிச் சில அடி தூரம் தாய்க்கு அது கோட்டை.

தெருநாயை இந்தியாவில் ஒரு விலங்காக மதித்து ஆராய்ந்தவர்கள் குறைவு. கொல்கத்தாவில் உள்ள இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ராவும் அவருடைய மாணவர்களும் பல ஆண்டுகளாகத் தெருத்தெருவாகப் போய் நாய்களைக் கவனித்துக் குறிப்பெடுக்கிறார்கள். 2016ல் அவர்கள் வெளியிட்ட ஒரு கட்டுரை மனதை உலுக்கும். 364 குட்டிகளைப் பிறந்ததிலிருந்து பின்தொடர்ந்ததில், ஏழு மாத வயதை எட்டியவை 100க்கு 19 மட்டுமே. செத்தவற்றில் பாதிக்கும் மேல் மனிதர்களால் போனவை. வண்டி ஏறியவை, அடிபட்டவை, விஷம் வைக்கப்பட்டவை, தாயிடமிருந்து தூக்கிச் செல்லப்பட்டவை. தெருவில் நாம் பார்க்கும் வளர்ந்த நாய் ஒவ்வொன்றும் அப்படித் தப்பிப் பிழைத்த ஒன்று. அது நம்மை எச்சரிக்கையோடு பார்ப்பதற்குக் காரணம் இருக்கிறது.

அதே குழுவின் வேறு ஆய்வுகள் நாய்க்கும் நமக்கும் உள்ள பழைய உறவைக் காட்டுகின்றன. யாரும் பழக்காத தெருநாய்கூட மனிதர் விரலால் சுட்டிக்காட்டும் பக்கத்தைப் புரிந்துகொண்டு போகிறது. அறிமுகம் இல்லாத ஒருவர் திரும்பத் திரும்ப வந்து தடவிக்கொடுத்தால், உணவு மட்டும் போட்டவரைவிட அவரை அது நம்பத் தொடங்குகிறது. ஓநாய்க் கூட்டத்திலிருந்து பிரிந்து குறைந்தது 15,000 ஆண்டுகளாக மனிதனை ஒட்டியே வாழ்ந்த இனம். நம் ஊரில் அதற்கு நடுகல்லும் உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூரில் கிடைத்த, முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று, மாடுகளைக் காத்து மாண்ட வீரனுக்கு நட்டது. அவன் பக்கத்தில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. நாயின் பெயர் கோவிவன். அது கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்று எழுத்தாகவே பொறித்துவைத்திருக்கிறார்கள். 1,400 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாயைப் பெயர் சொல்லி நினைவுகூர்ந்த ஊர் இது.

நாயின் பேச்சைப் படிப்பது அப்படியொன்றும் கடினம் இல்லை, ஆனால் ஒரு தவறான பாடத்தை முதலில் மறக்க வேண்டும். வாலாட்டினால் நட்பு என்பது முழு உண்மை அல்ல. வால் கீழே தளர்ந்து, உடம்பே நெளிந்து ஆடினால் நட்பு. வால் செங்குத்தாக விறைத்து, நுனி மட்டும் துடிக்க, உடல் கல்லாக நின்றால் அது எச்சரிக்கை. இத்தாலியின் பாரி நகர ஆய்வாளர்கள் 2007ல் இன்னொரு நுட்பத்தைக் கண்டார்கள். தன்னை வளர்ப்பவரைப் பார்க்கும்போது நாயின் வால் அதன் வலப்பக்கமாக அதிகம் சாய்ந்து ஆடுகிறது. முன்பின் தெரியாத முரட்டு நாயைப் பார்த்தால் இடப்பக்கம் சாய்கிறது. இதைத் தெருவில் நின்று கணக்கெடுக்க முடியாது, உண்மைதான். ஆனால் உதட்டை நக்குவது, கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது ஆகியவை ‘என்னை நெருங்காதே, எனக்குச் சங்கடமாக இருக்கிறது’ என்பதன் அடையாளங்கள். குழந்தைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லிக்கொடுக்க வேண்டும். தூங்கும் நாய், தின்னும் நாய், குட்டி ஈன்ற நாய் மூன்றின் பக்கத்திலும் போகவே கூடாது. துரத்தினால் ஓடாமல் அசையாது நின்று, கண்ணுக்குக் கண் முறைக்காமல், மெல்ல விலக வேண்டும். வண்டியில் போகிறவர் வேகத்தைக் குறைத்தால் பெரும்பாலான நாய்களுக்குத் துரத்தும் ஆர்வமே போய்விடும்.

இனி, அந்த நியாயமான பயம். உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் ரேபிஸ் என்னும் வெறிநாய்க்கடி நோயால் சாகிறார்கள் என்றும், அதில் மூன்றில் ஒரு பங்கு இந்தியாவில் என்றும் உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. நோய்க்குறி தோன்றிவிட்டால் பிழைப்பவர் அநேகமாக இல்லை. ஆனால் கடிபட்ட உடனே செய்ய வேண்டியதைச் செய்தால் இந்த நோய் வரவே வராமல் தடுத்துவிட முடியும். காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு முழுதாக 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. அன்றே அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ மருத்துவமனைக்கோ போக வேண்டும். அங்கே ஊசி இலவசம். தொப்புளைச் சுற்றி ஊசி போட்ட காலமெல்லாம் மலையேறிவிட்டது. இப்போது கையில் நான்கைந்து தவணைதான். ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் மருந்தும் போடுவார்கள். சின்னக் கீறல்தானே, நம் தெரு நாய்தானே என்று விட்டவர்கள்தான் பல நேரம் உயிரை விட்டிருக்கிறார்கள். நாயை நேசிப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடக் கூடாது.

நாயைக் கொன்றால் பிரச்சினை தீரும் என்பதை மதராஸ் மாநகராட்சி பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே முயன்று பார்த்துவிட்டது. நாய்கள் குறையவில்லை. ஒரு தெருவைக் காலி செய்தால் அங்கே இருக்கும் குப்பையும் மறைவிடமும் பக்கத்துத் தெரு நாய்களை அழைத்து வந்துவிடும். 1959ல் கேப்டன் சுந்தரம் சென்னையில் தொடங்கிய ப்ளூ கிராஸ் அமைப்பு, கருத்தடை செய்து திரும்ப அதே தெருவில் விடுவதே வழி என்று பல்லாண்டு வாதாடியது. 1996ல் மாநகராட்சி கொல்வதைக் கைவிட்டு அந்த வழிக்கு வந்தது. 2001ல் அது நாடு முழுவதற்குமான விதியானது. 2023ல் அந்த விதிகள் புதுப்பிக்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், அதே மாதமே அந்த உத்தரவைத் திருத்தியது. வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்றது. உங்கள் தெரு நாயின் காதைப் பாருங்கள். ஓரத்தில் சின்னதாக ஒரு வெட்டு இருந்தால் அது அறுவை சிகிச்சை முடிந்த நாய். வெட்டே இல்லாத நாய்கள் எத்தனை என்று எண்ணி உள்ளாட்சி அலுவலகத்தில் சொல்வது, தெருவில் யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலை.

பறவையையும் நாயையும் ஒரே கட்டுரையில் சேர்ப்பது ஏன் என்று கேட்கலாம். இரண்டுக்கும் உள்ள முடிச்சை இந்தியா மிகக் கடுமையான விலை கொடுத்துத் தெரிந்துகொண்டது. 1990கள் வரை ஊருக்கு வெளியே மாடு செத்துக் கிடந்தால் பாறுக்கழுகுகள் கூட்டமாக இறங்கிச் சில மணி நேரத்தில் எலும்பு மட்டும் மிச்சம் வைத்துவிட்டுப் போகும். மாடுகளுக்கு வலிநிவாரணியாகப் போட்ட டைக்ளோஃபினாக் என்ற மருந்து, அந்த மாட்டைத் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்குள் 100க்கு 95க்கும் மேல் அழிந்துபோயின. கால்நடைகளுக்கு அந்த மருந்து 2006ல் தடை செய்யப்பட்டது. அதற்குள் கேட்பாரற்றுக் கிடந்த இறைச்சி நாய்களுக்குப் போயிருந்தது. 1992 முதல் 2006 வரையிலான காலத்தில் இதனால் கூடிய நாய்கள் சுமார் 55 லட்சம், அவற்றால் கூடுதலாக நேர்ந்த ரேபிஸ் சாவுகள் சுமார் 48,000 என்று பொருளாதார ஆய்வு ஒன்று கணக்கிட்டது. வானத்தில் வட்டமிட்ட, அபசகுனம் என்று நாம் முகம் திருப்பிக்கொண்ட ஒரு பறவைதான் நம் தெருவின் நாய்க்கணக்கைச் சத்தமில்லாமல் கட்டுக்குள் வைத்திருந்திருக்கிறது. இன்று தமிழ்நாட்டில் பாறுகளைப் பார்க்க முதுமலையை ஒட்டிய மோயாற்றுப் பள்ளத்தாக்குக்குத்தான் போக வேண்டும்.

அக்கம்பக்கத்தைக் கவனிப்பதை ஒரு வாழ்நாள் வேலையாகவே செய்த தமிழர் மா. கிருஷ்ணன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950லிருந்து 1996ல் மறையும் வரை கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கை பற்றி விடாமல் பத்தி எழுதியவர். யானையையும் புலியையும் எழுதிய அதே அக்கறையோடு காகத்தையும் அணிலையும் வீட்டு நாயையும் எழுதினார். தமிழிலும் எழுதினார். அவர் தமிழ்க் கட்டுரைகளைத் தொகுத்துத் தந்த சு. தியடோர் பாஸ்கரன், பின்னர் இந்திய நாயினங்களுக்கென்றே ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார்.

கவனிப்பதற்குக் காடு வேண்டாம், மொட்டைமாடி போதும். விடியற்காலை அரை மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் தெருவின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வருவார்கள். இருட்டு பிரியும் முன்பே கம்பத்தில் கரிச்சான். பிறகு மைனா, கண்ணோரம் மஞ்சள் தீட்டியதுபோல. செம்பருத்திச் செடியில் தேன்சிட்டு. ‘டுவீட் டுவீட்’ என்று உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத உரத்த குரலில் ஒரு கட்டைவிரல் அளவுப் பறவை கத்தினால் அது தையல்சிட்டு. அகல இலையின் இரு ஓரங்களை அலகால் துளையிட்டு, சிலந்தி நூலாலும் பஞ்சாலும் தைத்து, அந்தப் பைக்குள் முட்டையிடும். தொட்டிச்செடியிலேயே நடக்கும் அதிசயம் இது. ஆறேழாகக் கூட்டமாய்த் தரையில் சருகைப் புரட்டிக்கொண்டு ஓயாமல் பேசும் தவிட்டுக்குருவிகள் திடீரென்று ஒரே குரலில் கூச்சலிட்டால், எழுந்து போய்ப் பாருங்கள். அநேகமாக வேலியோரம் ஒரு பூனையோ பாம்போ இருக்கும். அந்த எச்சரிக்கையை அணில்களும் கேட்டுக்கொள்கின்றன, நாமும் கேட்டுக்கொள்ளலாம். ராத்திரி மாடிச் சுவரில் உருண்டைக் கண்ணோடு தலையை மேலும் கீழும் ஆட்டும் புள்ளி ஆந்தையை விரட்ட வேண்டாம். வண்டும் சுண்டெலியும் அதன் சாப்பாடு.

பெயர் தெரியாத குரலுக்கு இப்போது மெர்லின் என்ற கைபேசிச் செயலி பெயர் சொல்கிறது. பொங்கல் விடுமுறை நான்கு நாளும் தமிழ்நாடு முழுக்க ஆர்வலர்கள் பறவைகளை எண்ணி இ-பேர்டு தளத்தில் பதிகிறார்கள். கால் மணி நேரம் வீட்டு வாசலில் நின்று எண்ணினாலும் கணக்கில் சேரும். ஒரு எச்சரிக்கையும் உண்டு. பறக்கத் தடுமாறி மண்ணில் உட்கார்ந்திருக்கும் குஞ்சைக் கண்டதும் அட்டைப்பெட்டியில் போட்டு வீட்டுக்குள் கொண்டுபோய்விடாதீர்கள். இறகு முளைத்த குஞ்சு என்றால் தாய் பக்கத்துக் கிளையிலேயே இரையோடு காத்திருக்கும். நாயும் பூனையும் எட்டாத ஒரு கிளையில் ஏற்றிவிட்டு ஒதுங்கி நின்றால் போதும். கிளியைப் பிடித்துக் கூண்டில் வளர்ப்பது 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் ஒருவர் பல்லாண்டுகள் தினமும் அரிசியை ஊறவைத்துத் தன் மாடியில் பரப்பி, ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகளைக் கூண்டே இல்லாமல் விருந்தாளியாக்கியிருந்தார்.

சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிக் கண்மாய்க்கு வரும் பறவைகளுக்காகக் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டுவிட்டார்கள். அதே மாவட்டத்துப் பொத்தக்குடியில் 2020ல், கொரோனா ஊரடங்கு நேரத்தில், தெருவிளக்குகளின் சுவிட்சுப் பெட்டிக்குள் சின்னக் குருவி ஒன்று கூடு கட்டியிருந்தது. தினமும் மாலையில் விளக்கைப் போடும் கல்லூரி மாணவர் ஒருவர்தான் அதை முதலில் பார்த்தார். உள்ளே முட்டைகள். படம் எடுத்து ஊர் வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஒரு குருவிக்காகவா ஊரே இருட்டில் கிடப்பது என்று சிலர் முதலில் முனகினார்கள். பிறகு அவர்களும் ஒத்துக்கொண்டார்கள். முட்டை பொரிந்து, குஞ்சுகளுக்கு இறகு முளைத்து, அவை பெட்டியை விட்டுப் பறந்துபோக ஐந்து வாரம் போல ஆயிற்று. அதுவரை அந்த ஊர் ராத்திரியில் கைபேசி வெளிச்சத்திலும் டார்ச் வெளிச்சத்திலும் நடந்தது. கூடு காலியான பிறகுதான் பெட்டியைச் சுத்தம் செய்து சுவிட்சைப் போட்டார்கள்.